யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பதை முதலில் எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, ரசத்தில் மிதந்த ஈர்க்குச்சி. அதற்குப் பிறகு பருப்பில் கல், கழுவிய தட்டில் காய்ந்த பருக்கை என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர் கிளம்பிப் போனதும் நான் பாத்திரங்களை இன்னொரு தடவை தேய்த்துக் கழுவி, இருந்த மாதிரியே கவிழ்த்து வைப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கணவர் ஒருநாள், "வேற ஆள் பாரேன்" என்றார். "நீங்களே பாருங்க, கிடைக்கிற வரைக்கும் நீங்களே சமைச்சும் போடுங்க" என்றேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். தில்லிக்கு வந்து ஜங்புரா ஓரத்துக் குடிசையில் இருந்தவரைக்கும் லோதி ரோட்டில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நடந்தே வந்துவிடுவார். குடிசைகளை இடித்த பிறகு நரேலாவில் வீடு கிடைத்தது. நரேலா தில்லிக்குள்தான் இருக்கிறது என்று சொல்வார்கள். நம்புகிறவர்கள் அங்கிருந்து விடியற்காலையில் பஸ் மாறி மாறி இங்கே வந்து இட்லி ஊற்றிப் பார்க்கட்டும். அவர் வேலை பார்த்த மற்ற வீடுகளில் சிலர் ஈர்க்குச்சியையும் கல்லையும் பார்த்து நிறுத்திவிட்டார்கள். மிச்சம் எங்கள் வீடும் மாடி வீடும்தான். கண் சரியாகாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார். ஆபரேஷன் இலவசம். முறை வந்ததும் போன் வரும், ஒன்றாம் நம்பரை அமுக்கி வருகிறேன் என்று சொல்ல வேண்டும். சில தடவை போட்டும் பதில் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும், நாம் வரிசையின் கடைசிக்குப் போவோம். எந்த மொழியில் போன் வேண்டும் என்று கேட்டதற்குத் தமிழ் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். எனக்கு ஆச்சரியம். காய்கறி வண்டிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசி அவனை அழவைக்கிற ஆள் அவர்.

"இந்திக்கு இன்னாம்மா, நல்லாத்தான் பேசறேன். ஆனா இது கண்ணுல கத்தி வெக்கிற சமாசாரம். நம்ம பேச்சுல கேட்டாதான் மனசு நிக்கும்" என்றார்.

அந்த போனைப் போடுவது ஆள் இல்லை, ஒரு புரோகிராம். அதைப் பராமரிக்கிற சின்னக் கம்பெனியில்தான் எனக்கு வேலை, நேரு பிளேஸில் லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில். அக்காவுக்கு இது தெரியும். "உங்க கம்பெனி போன்தானேம்மா, வந்துடும்" என்று பட்டன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருந்தார். குக்கர் விசில் அடித்தால்கூட முதலில் இடுப்பைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் வந்தவர் வழக்கம்போல் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றார். "பக்கத்து வூட்டு பீகார்க்காரம்மா எனக்கு அப்பறமாத்தான் பேர் குடுத்துச்சு. அதுக்கு போன் வந்து, ஆபரேசனும் ஆயிடுச்சு. எனக்கு ஏம்மா வரல?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சார்ஜ் போட்டீர்களா, பஸ் சத்தத்தில் கேட்கவில்லையா, தெரியாத நம்பர் என்று வைத்துவிட்டீர்களா என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். இல்லை என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அடுப்பை நானே பற்றவைத்தேன்.

ஆபீஸுக்குப் போனதும் அவருடைய நம்பரைப் போட்டுத் தேடினேன். போன் போகவே இல்லை. போக வேண்டிய ஒவ்வொரு தடவையும் ஒரு சிவப்பு வரி மட்டும் விழுந்திருந்தது: அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எங்கள் புரோகிராம் எர்லாங் என்ற மொழியில் எழுதியது. அதில் எல்லா வேலையையும் செய்வது ஃபங்ஷன்கள். ஒன்றைக் கூப்பிட வேண்டுமானால் வழக்கமாக அதன் பெயரை எழுதிவிடுவோம். பெயரை எழுதாமல் கூப்பிடவும் ஒரு வழி உண்டு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயரை உண்டாக்கி, இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா என்று தேடச் சொல்லலாம். இருந்தால் வந்து வேலையைச் செய்யும். எனக்கு முன்னால் இருந்த ஒரு புத்திசாலி அப்படித்தான் எழுதியிருந்தான். 'சொல்' என்பதோடு நோயாளி கேட்ட மொழியை ஒட்ட வேண்டியது, கிடைக்கிற பெயரைத் தேட வேண்டியது. புதிதாக ஒரு மொழி வேண்டுமானால் ஒரு ஃபங்ஷன் எழுதிவைத்தால் போதும், வேறெங்கும் கை வைக்க வேண்டாம். அழகான வேலைதான். அந்தத் தமிழ் ஃபங்ஷனைத்தான் காணோம். பஞ்சாபியையும் வங்காளியையும்கூடக் காணோம்.

இந்த மொழிக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒரு வேலை செத்து விழுந்தால் அது மட்டும்தான் விழும், மற்றதெல்லாம் அதுபாட்டுக்கு ஓடும். அதனால் இந்திக்காரர்களுக்கு போன் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலோ, கிழவி போனை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

யார் அழித்தது என்று பார்த்தேன். எனக்கு அடுத்த மேஜைக்காரி. கான்பூர்க்காரி, கிட்டத்தட்ட என் வயது, ஆனாலும் என்னைத் 'தீதி', அக்கா என்றுதான் கூப்பிடுவாள். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு, அந்தம்மாள் போன பிறகு திரும்ப வந்தவள். முதலாளி அவளைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார். புது வேலை எதையும் கொடுக்க மனம் வராமல், யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களையெல்லாம் கண்டுபிடித்து அழி, வீடு கூட்டுகிற மாதிரி என்று சொல்லியிருந்தார்.

நான் நாற்காலியைத் திருப்பி அவளைப் பிடித்தேன். என் கோபம் எப்போதும் தமிழில் கிளம்பி, இந்தியில் போய்ச் சேருவதற்குள் பாதி ஆறிவிடும். அன்றைக்கு ஆறவில்லை. "ஒரு அம்மாவோட கண்ணு போகப்போகுது, தெரியுமா?" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "யாருமே கூப்பிடலையே தீதி. கருவி போட்டும் பார்த்தேன், நம்பாம ஒவ்வொரு ஃபைலா நானும் தேடினேன். அந்தப் பேர் வேற எங்கயுமே இல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அந்தப் பெயரை எழுதிக் கூப்பிட்டவர் எவருமில்லை. ஓடவிட்டு, அதுவும் ஒரு தமிழ் நோயாளிக்கு ஓடவிட்டுப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும். இந்தி மட்டும் தப்பித்தது ஏன் என்றால், சோதனைப் பக்கத்தில் அதன் பெயரை யாரோ நேராக எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். அவள் ஒவ்வொரு ஃபைலாக உட்கார்ந்து தேடியதை நானே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

"எங்க அம்மா ஆயுசுக்கும் அப்பா பேரைச் சொன்னதில்லை" என்றேன். "சின்ன வயசுல நாங்க இருந்த மோதி பாக் வீட்டில, சமையல்கட்டில இருந்து 'இங்க வாங்களேன்'னு ஒரு குரல். அப்பா சரியா எழுந்து போவார். வீட்டுக்குள்ள அந்தப் பேரை யாரும் கூப்பிடலைன்னு அப்பாவை அழிச்சுட முடியுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "எங்க மாமியார் மாஜியும் அப்படித்தான். 'அஜி, சுனியே', ஏங்க, கேளுங்கன்னு. அவ்வளவுதான்."

பழைய பிரதியிலிருந்து அந்த ஃபங்ஷன்களை எடுத்து, புரோகிராமை நிறுத்தாமலேயே உள்ளே சேர்த்தோம். அது சுலபமான வேலை. ஆனால் அக்காவின் முறை ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அவரும் அவரைப் போல் இன்னும் சிலரும் வரிசையின் வாலுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து முன்னால் கொண்டுவர ஆஸ்பத்திரியால்தான் முடியும், அதற்குத் தப்பு யாருடையது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். முதலாளி ஒரே பிடியாக, "அதெல்லாம் வேண்டாம், ஒப்பந்தம் போய்விடும். சரி பண்ணியாச்சு இல்ல, பேசாம இருங்க" என்றார். இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளப் புது விதிகள் போடலாம் என்றும் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயர் மீட்டிங்.

மீட்டிங் முடிந்ததும் கான்பூர்க்காரி பையை எடுத்து மாட்டினாள். "நான்தானே அழிச்சேன், நானே போய்ச் சொல்றேன்" என்றாள். "வேலை போயிடும்" என்றேன். "வேலை இல்லாம இருந்து பழக்கம்தான், தீதி. அந்த அம்மாவுக்கு அப்படிப் பழக்கம் இருக்குமா?" என்று கேட்டாள். நானும் பையை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் வரிசையைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் நாங்கள் சொன்னதைக் கேட்டு மலையாளத்தில் கொஞ்சம், இந்தியில் நிறையத் திட்டினார். கான்பூர்க்காரி தலையைக் குனியாமல் நின்று வாங்கிக்கொண்டாள். திட்டி முடித்த கையோடு சிஸ்டர் எல்லாரையும் அவரவர் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஒப்பந்தம் போகவில்லை. முதலாளி எங்கள் இருவரிடமும் கொஞ்ச நாள் பேசவில்லை, அது எங்களுக்கு வசதியாகவே இருந்தது. அவளை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அதற்காக நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன் வந்தபோது அக்கா எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்து, போனை எடுத்துக் காதில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தே அது தமிழ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்வதை முழுக்க நின்று கேட்டார். பிறகு விரலால் தடவி முதல் பட்டனைக் கண்டுபிடித்து, அது உள்ளே போய்விடுமோ என்கிற அளவுக்கு அழுத்தினார். "வரேம்மா, வரேம்மா" என்று வாயாலும் சொன்னார். பேசுவது மெஷின் என்று சொல்ல வாயெடுத்தேன், மனசு வரவில்லை. மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னபோது கான்பூர்க்காரி எழுந்து டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, ஓய்வும் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அக்கா மறுபடி வேலைக்கு வந்தார். சமையல்கட்டு வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். "செவுரு வெள்ளையாம்மா? நான் மஞ்சன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் நல்லா நரச்சிட்டீங்க" என்றார். கண் வந்த கையோடு வாயும் வந்துவிட்டது என்று சொன்னேன். சிரித்தார். பிறகு மேடையில் கவிழ்த்திருந்த தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே நான் போனப்பறம் நீங்க கழுவ வேணாம்மா."

"நான் எங்க கழுவினேன்?" என்றேன்.

"வெளக்கற சோப்பு எத்தினி நாளைக்கு வரும்னு எனக்குத் தெரியாதா? எப்பவும் வர்றதுல பாதி நாளைக்குக்கூட வரல. எனக்குக் கண்ணுதானே தெரியல."

"தெரிஞ்சும் ஏன் அக்கா ஒண்ணும் சொல்லல?"

"நீங்களும்தான் சொல்லல." தட்டை இருந்த இடத்தில் வைத்தார். "ரெண்டு பேர்ல யாராவது வாயத் தொறந்து சொல்லிட்டா, அப்பறம் நீங்க என்னை நிறுத்தியாவணுமே. அதான் சோப்பு தீந்துடுச்சின்னு மட்டும் சொல்லினு இருந்தேன்."

அவர் அரிசி களைய ஆரம்பித்தார். நான் பால்கனிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.