மலைக்கு அங்கிட்டு

கோயிலில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அக்கா முக்காடு போட்டுக்கொண்டு தூணோரம். ஆண்கள் பக்கம் அத்தை மகன், அவருக்குத்தான் அக்கா. பெண்கள் பக்கம் முன்வரிசையில் அத்தை. பீடத்தில் புதுப் பங்குச்சாமி. அவருக்கு உதவியாக, செமினரியில் சாமியாருக்குப் படிக்கிற பிரதர். எட்டு வயதில் நான்.

அக்கா உண்டாகியிருந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தால், வயிறு தெரியும் முன்பே கல்யாணம் முடிந்துவிடும். மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம் என்று அப்பா சாமியிடம் எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்று இரண்டாம் ஓலை. சாமி பெயர்களை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். சாமியிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். எழுந்தேன்.

"தடையே இல்ல சாமி. அவரு எங்க சொந்த அத்தை மகன். அக்காவுக்குன்னே பொறந்தவரு."

பெருமையாகத்தான் சொன்னேன். சாமி புத்தகத்தை மூடிவிட்டார். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பூசை முடிந்து வாசலில் அப்பா கும்பிட்டார். "எங்க வழக்கத்துல இதுதாங்க சாமி முறை."

"வழக்கம் உங்களோடது. சட்டம் திருச்சபையோடது. அதுல சொந்த அத்தை மகனைக் கட்டுறது தடை. ஆயர் விலக்குக் கொடுக்கணும். அதுவரைக்கும் மூணாவது ஓலை கெடையாது."

அத்தை விடவில்லை. "எங்க வீட்டுக்குப் பொண்ணெடுக்க, மலைக்கு அங்கிட்டு இருக்கிற ஆயரு எழுதணுமாக்கும்?"

பிரதர் சமாதானமாகப் பேசினார். "இங்கிலீஷ்ல அதுக்கே ஒரு வார்த்தை இருக்கும்மா. அல்ட்ராமான்டேன். மலைக்கு அங்கிட்டுன்னுதான் அர்த்தம். ஆல்ப்ஸ் மலைக்கு அங்கிட்டு, ரோம்ல போப்பாண்டவர் சொல்றதுதான் முடிவுன்னு நின்னவங்களுக்கு வச்ச பேரு."

"நல்லா வச்சாங்கய்யா பேரு!"

"வார்த்தை கெடக்கட்டும் பிரதர்," என்றார் அப்பா. "காகிதம் வெரசா வருமா?"

பிரதர் சாமியைப் பார்த்தார். சாமி உள்ளே போய்விட்டார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா கொடைக்கானல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆயர் இல்லத்துக்கு நடையாய் நடந்தார். ஒருமுறை கையெழுத்து இல்லை. ஒருமுறை ஆயர் ஊரில் இல்லை.

காகிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வெள்ளனே, விடியும் முன்பே கல்யாணம். ஆள் சேர்க்கவில்லை. அக்கா கம்பளிச் சால்வையைப் போர்த்தி நின்றாள். வேர்க்குதே, எடுத்துவிடேன் என்று இழுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து முறுக்கினாள்.

அக்காவுக்கு அப்போது ஏழு மாதம்.