அவசர அலைவரிசையில் ஓர் அழுகை

ஏழாம் மாதத்தில், வயிற்றிலேயே எங்கள் பிள்ளையை இழந்த பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு வருவேன், உங்களோடு எழுந்து நிற்பேன், வாய் மட்டும் திறக்காது. உங்களில் யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டில் என் மனைவி ஜெசி, பிள்ளைக்கென்று வாங்கி வைத்த தொட்டிலை யாருக்கும் கொடுக்கவும் விடவில்லை, மடக்கி வைக்கவும் விடவில்லை. "ஜெபம் பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. எனக்கே வர மாட்டேங்குது" என்றாள். கர்த்தர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வளைகுடாவில் ஒரு விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் எனக்கு வேலை. ராடார் திரையைப் பார்த்தபடி விமானிகளோடு ரேடியோவில் பேசி, விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் அனுப்பி வைக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், அளந்த வார்த்தைகளில். வீட்டில் எப்படி இடிந்து கிடந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் குரல் நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கியதும் இல்லை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மதியம் டியூட்டி. குளிர்காலத்து இடிமேகம் சூழ்ந்திருந்தது. உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் மேகத்தை விலகிப் போக வழி கேட்டது, கொடுத்தேன். அதனால் அது, கீழிருந்து ஏறி வந்த இன்னொரு விமானத்தின் குறுக்கே வந்தது. ஏறுவதை நிறுத்தச் சொன்னால் போதும், தினமும் செய்கிற வேலைதான். பொத்தானை அழுத்திச் சொன்னேன். பதில் இல்லை. காதில் வெறும் இரைச்சல்.

வேறு ஏதோ ஒரு விமானத்தில், பேசுவதற்கான பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று சிக்கினால் அலைவரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும். நான் பேசுவது யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்டதோ அந்த விமானத்தில் யாரோ கோப்பையில் கரண்டி போட்டுக் கலக்கும் சத்தம். திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்கின. இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான பேர். லீவில் ஊருக்குப் போகிறவர்கள், பெட்டியில் பிள்ளைகளுக்குப் பொம்மை வைத்திருப்பவர்கள்.

ஆபத்துக்கென்று தனியாக ஓர் அலைவரிசை உண்டு. எல்லா விமானங்களும் இரண்டாவது ரேடியோவில் அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதற்கு மாறிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இல்லை. என் பிள்ளையை எடுத்துக்கொண்டவர் இவர்களையும் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று தோன்றியது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கக்கூடத் தோன்றாமல் தமிழில் உடைந்து அழுதேன்.

"அப்பா, என் சத்தம் யாருக்கும் கேக்கலையே. இவங்களையாவது விட்டுடுங்கப்பா."

பிறகு மீண்டும் ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். பதில் வந்தது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். ஒரு புள்ளி இன்னொன்றின் அடியில் கடந்து போனது. இருக்க வேண்டிய இடைவெளி இல்லைதான், ஆனாலும் கடந்துவிட்டது.

அப்போதும் நான் நன்றி சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், முறை அதுதான். ஒன்று ஏறுவதை நிறுத்திவிட்டுத்தானே மற்றதற்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று என்னை நானே குடைந்துகொண்டு கிடந்தேன். மேலே விமானச் சத்தம் கேட்டாலே தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வேன். வேலை போனால் விசாவும் போகும். வீட்டில் காலித் தொட்டில், பேச்சற்றுப்போன மனைவி. செத்துப்போனால் தேவலை என்றுகூட நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

விசாரணை அறையில் தலைமை அதிகாரி, ஓமான் நாட்டுப் பெரியவர், எதிரே உட்கார்ந்திருந்தார். ஏறி வந்த விமானத்தின் துணை விமானியும் வந்திருந்தார். நாங்கள் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவைப் போட்டார்கள். என் அழுகை அறை முழுக்கக் கேட்டது. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"இது என்ன பாஷை? என்ன சொன்னீங்க?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

சொன்னேன். "இவங்களையாவதுன்னா?" என்றார். பிள்ளை போனதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

துணை விமானி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அலைவரிசையில எப்பவும் வெட்டிப்பேச்சுதான் வரும் சார். அதனால சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தோம். இங்கிலீஷ்ல யாரோ கூப்பிட்டது காதுல விழுந்தும் கவனிக்கல. அப்புறம் ஒரு மனுஷன் அழுவுறது கேட்டுச்சு. என்னமோ ஏதோன்னு சத்தத்தைக் கூட்டினேன். அப்பதான் எங்களைக் கூப்பிட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்தார் பெரியவர் மெதுவாக. பிறகு அழுதுகொண்டிருந்த என்னிடம், "கலாஸ், போதும், அழாதீங்க. முதல்ல வீட்டுக்குப் போய் மனைவிகிட்ட இதைச் சொல்லுங்க" என்றார்.

எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது. அது இரண்டாம் பட்சம். ஜெசி முழுவதையும் கேட்டுவிட்டு, "என்ன சொல்லி அழுதீங்க? மறுபடி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து சொன்னாள். பிள்ளை போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் ஜெபம் அது.

அதன்பின் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதையும் சொல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது. என் பிள்ளை ஏன் போனது என்று இன்றைக்கும் தெரியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போது கேட்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. உங்களில் யாராவது என்னைப்போல் ஜெபம் வராமல் உட்கார்ந்திருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று நான் நடுங்காத குரலில் கூப்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை. அழுததுதான் கேட்டது. அழுங்கள்.