தன் வழக்கைத் தானே உடைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பாஸ்போர்ட் படத்துக்காக ஒரு பெண்ணை உட்காரவைத்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. கோவிந்து பேசினார். வனஜாட்சி மேடத்துக்குப் பல வருடம் போலீஸ் ஜீப் ஓட்டியவர்.

"அண்ணா, மேடம் நம்மள வுட்டுப் பூட்டாங்க. வெடிகாலம் அஞ்சு மணிக்கு. திருப்பதியில, வூட்லதான்."

போனை வைத்தேன். அந்தப் பெண்ணை நான்கு முறை படம் எடுத்தேன். நான்கும் ஆடிப்போயிருந்தன. நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

மேடத்தை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். ஆனாலும் நம் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வெழுதி வேலைக்கு வந்தபோது, திருவிழாக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் பெண்களின் புகார்களை எழுதி வாங்கவும்தான் அவரை அனுப்பினார்கள். அவரோ கொலை, கொள்ளை விசாரிக்கும் குற்றப்பிரிவுதான் வேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். "பொணத்தைப் பாத்தா மயக்கம் வராதா?" என்று ஓர் அதிகாரி கேட்டாராம். "வந்தா கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு, அப்புறம் எழுந்து பாப்பேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவுக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

நான் போலீஸ்காரன் இல்லை. சித்தூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருப்பவன். சம்பவ இடத்தைப் படம் எடுக்க ஆள் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள், போவேன். மேடம் வந்த பிறகு அடிக்கடி கூப்பிட்டார்கள். "கேட்டதை மட்டும் எடுக்காதீங்க தயாளண்ணா. கெளம்பறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஒருவாட்டி எடுத்துடுங்க" என்பார். ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்துவிட்ட காலம் அது. எனக்கும் அதில் நஷ்டமில்லை.

அப்படித்தான் ஒரு நாள் பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். மாந்தோப்புக் கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதந்தது. பெயர் மல்லிகா. அந்தத் தோப்பிலேயே கூலிவேலை செய்தவள். முந்தைய நாள் சாயங்காலம் அவளுக்கும் புருஷன் முனுசாமிக்கும் பெரிய சண்டை நடந்ததை ஊரே பார்த்திருந்தது. கிணற்றில் குதித்துவிட்டாள் என்றார்கள். மேடம் உடலை மேலே எடுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கழுத்தில் ஒரு தடம் இருந்தது. முனுசாமியின் முன்கைகளில் கீறல்கள் இருந்தன. முள் கிழித்தது என்றான். மல்லிகாவின் அம்மா, "இவன்தாம்மா கொன்னுப்புட்டான், எப்பவும் அடிச்சிக்கினே இருப்பான்" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. தண்ணீரில் விழும் முன்பே உயிர் போயிருக்கிறது. அப்படியானால் இது தற்கொலை இல்லை. மேடம் முனுசாமியைக் கைது செய்தார். அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. தற்கொலை என்று மூடவிருந்த வழக்கைக் கொலை என்று கண்டுபிடித்த பெண் அதிகாரி என்று பத்திரிகைகள் எழுதின. விருதுக்கு அவர் பெயர் போயிருக்கிறது என்றும் பேச்சு வந்தது.

ஏழு மாதம் கழித்து, வழக்கு விசாரணைக்கு வரப்போகும் சமயத்தில், நீதிமன்றத்துக்காகப் படங்களைப் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிப்போக மேடமே ஸ்டுடியோவுக்கு வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். அது மல்லிகாவின் கால். கணுக்காலுக்கு மேல் கறுப்பாக ஒரு கோடு.

"டாக்டர் ரிப்போர்ட்ல கொலுசுத் தடம்னு எழுதியிருக்குது மேடம்" என்றேன்.

"கழனியில எறங்கி வேல செய்றவ. அவ எதுக்குண்ணா கொலுசு போட்டுக்கினு போவா?"

அடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் இருந்தது, கிளம்பும் முன் நான் எடுத்த தோப்பின் படம். அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். மரங்களுக்கு அப்பால் வரிசையாக மூங்கில் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் கம்பி கட்டும் வெள்ளைப் பீங்கான் குமிழ். ஒரு குச்சியில் மட்டும் அறுந்த கம்பித் துண்டு ஒன்று வெயிலில் மின்னியது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்டுப்பன்றி வராமலிருக்கக் கம்பி கட்டி, திருட்டுத்தனமாகக் கரண்ட் விடுவார்கள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ கம்பியில மாட்டி செத்துருக்கா. தூக்கிக்கினு போயி கெணத்துல போட்டுட்டாங்க. இழுக்கும்போது தாலிக்கயிறு இறுக்கின தடம்தான் கழுத்துல இருக்கறது." படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நான் அவள ஒழுங்கா பாக்கவே இல்லண்ணா. அவ புருஷனத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. பிரிண்டை மட்டும் நீதிமன்றம் ஏற்காது என்று, மூலப்படம் இருக்கும் டிஸ்க்கை நாளைக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் விஷயம் எப்படிக் கசிந்ததோ தெரியாது. தோப்புக்காரர் பெரிய புள்ளி. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மறுநாள் கடை திறந்ததுமே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் வந்தார். குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ரொம்ப மரியாதையாகப் பேசினார். எழுந்து போகும்போது, "பழைய படமெல்லாம் எதுக்கு சார் வச்சிக்கினு இருக்கீங்க? உங்க பொண்ணு எட்டு மணி பஸ்ஸுலதான காலேஜுக்குப் போவுது? முன் சீட்டுல ஒக்காரும், பாத்திருக்கேன்" என்றார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மேடம் வந்தபோது, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, படங்கள் போய்விட்டன என்றேன். டிஸ்க் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டார்.

"யார் வந்தாங்கண்ணா?"

என் கை சட்டைப் பையை மூடியது.

"பயப்படறது தப்பில்ல. எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா முனுசாமி உள்ள இருக்கறான். அவன உள்ள வச்சது நானு. வெளிய கொண்டாரதுக்கு என்கிட்ட இந்தப் படத்த வுட்டா வேற எதுவும் இல்ல."

எடுத்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் சேலை கட்டிய பெண் கான்ஸ்டபிள் ஒருவர் என் மகளின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார். அது மகளுக்கே தெரியாது.

மேலதிகாரி ஒருவர் மேடத்தைக் கூப்பிட்டுத் தெலுங்கில் புத்தி சொன்னதாகக் கோவிந்து சொல்லியிருக்கிறார். குற்றப்பத்திரிகை போட்டாயிற்று, விடுதலை ஆவதானால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும், நீ ஏன் உன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்கிறாய் என்றாராம். மேடம் கேட்கவில்லை. மேல்விசாரணைக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் போய் நின்றார். படங்களை எடுத்தவன் என்பதால் நானும் போயிருந்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நிரபராதியைச் சிறையில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தத் தவறு யாருடையது?"

மருத்துவர் கொலுசுத் தடம் என்று எழுதியதைச் சொல்லியிருக்கலாம். மல்லிகாவின் அம்மாவின் வாக்குமூலத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடம், "என்னுடையதுதான் ஐயா" என்றார். வக்கீல்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அனுமதி கிடைத்ததும் தோப்புக்குப் போனோம். மோட்டார் கொட்டகையின் மூலையில், சாக்குக்கு அடியில் கம்பிச் சுருள் கிடைத்தது. தோப்புக் காவல்காரன் சின்னப்பன், "ஆடு வராம இருக்கக் கட்டினதும்மா. இதுல கரண்டே வுட்டதில்ல" என்று சாதித்தான். மேடம் இரண்டு கான்ஸ்டபிள்களை வைத்துக் கம்பியைப் பழையபடி குச்சிகளில் கட்டவைத்தார். அதன் ஒரு முனை நேராக மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி வரைக்கும் வந்து, அளவெடுத்த மாதிரி நின்றது. அதை உள்ளே மாட்டச் சொல்லி, சுவிட்சைப் போடச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் இறங்கினார்.

"கரண்ட் வுட்டதில்லன்னு சொல்ற. அப்போ இது ஆட்டுக்குக் கட்டின வெறும் கம்பிதான?"

"ஆமாம்மா."

"நான் தொடலாம் இல்ல?"

சின்னப்பன் ஓரடி பின்வாங்கினான். மேடம் கையை நீட்டினார். நான் கேமராவைப் பிடித்திருந்தேன், ஆனால் அழுத்த விரல் வரவில்லை. அவர் கைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாண். மேடம் கம்பியைப் பார்க்கவே இல்லை, சின்னப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய கழுத்தில் வேர்வை ஓடியது. நான்கு விரற்கடை தூரம்தான் இருந்திருக்கும்.

"வாணாம்மா! தொடாதீங்க! அந்தப் பொண்ணும் இப்பிடித்தான் கால வச்சிச்சு..." என்று அலறிக்கொண்டு வந்து அவர் முன்னால் விழுந்தான்.

விடியலில் வேலைக்கு வந்த மல்லிகா கம்பியில் மாட்டிச் செத்ததையும், முதலாளி சொன்னபடி தானும் அவர் மைத்துனனும் உடலை இழுத்துக் கிணற்றில் போட்டதையும் சொல்லி அழுதான். போலீசிடம் சொன்னது செல்லாது என்பதால், பின்னால் மாஜிஸ்திரேட் முன்னிலையிலும் சொன்னான்.

திரும்பும்போது ஜீப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. "கரண்ட் இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"லைன்மேன்கிட்டச் சொல்லி காலையிலயே டிரான்ஸ்பார்மர்ல நிறுத்தி வச்சிட்டேண்ணா" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவன் சரியா நிறுத்தினானான்னு நானும் பாக்கல" என்று முணுமுணுத்தார். கோவிந்து வண்டியை ஓரங்கட்டி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

முனுசாமி விடுதலையான காலையில் மேடம் சித்தூர் ஜெயில் வாசலில் காத்திருந்தார். வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். சீருடையிலேயே வந்திருந்தார். முனுசாமி துணிப்பையோடு வெளியே வந்து இவரைப் பார்த்ததும் நின்றான்.

"நான் பண்ணது தப்பு முனுசாமி. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

அவன் கத்தவில்லை. "எம் பொண்டாட்டிக்குக் கருமாதி கூட நான் செய்யல மேடம். எம் மாமியார் இன்னும் என் மூஞ்சப் பாக்காது" என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தான். அவன் திரும்புவானோ என்று பார்த்துக்கொண்டு மேடம் வெயிலில் வெகுநேரம் நின்றார். அவன் திரும்பவில்லை. அந்த வாரமே அவர் பாலசமுத்திரம் போய், மல்லிகாவின் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் உட்கார்ந்து சொன்னார். அந்த அம்மா காதில் வாங்கிக்கொண்டாளா என்று தெரியாது.

தோப்புக்காரருக்கும் மைத்துனனுக்கும் தண்டனை கிடைத்தது. மேடத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ கிடைத்தது. விருதுப் பட்டியலிலிருந்து பெயர் போனது. திருப்பதிக்கு மாற்றி, மறுபடியும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் போட்டார்கள். நாலு வருடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒருமுறை பார்க்கப் போனபோது, "சாமியக் கும்பிட வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாக்கறேன். இதுவும் வேலைதான்" என்று சிரித்தார். பிறகு வந்த அதிகாரி ஒருவர் அந்தப் பழைய வழக்கின் காகிதங்களைப் படித்துவிட்டு, அவரைத் தேடிக் கூப்பிட்டுக் குற்றப்பிரிவில் போட்டார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். சந்திரகிரி பக்கம் நடந்த இரண்டு கொலைகளை அவர் கண்டுபிடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அவரிடம் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "புடிச்சத விடுங்க, தப்பாப் புடிச்சதத்தான் எண்ணிப் பாக்கணும்" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

தகனத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தோம். முனுசாமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்து நிலக்கடலை போடுகிறார். "நல்லவங்கதாண்ணா. ஆனா நான் வர்ல" என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. மேடத்துக்கும் இருந்திருக்காது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். தைரியம் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். என்னிடம் இருப்பது ஒரு பயம். முன்பெல்லாம் யார் மீதாவது சந்தேகம் வந்தால் மனசு குறுகுறுக்கும், உறுதியாகத் தெரிந்துவிட்டால் நிம்மதியாகிவிடும். இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது என்று தோன்றும் அந்த நிமிடத்தில்தான் பயம் வருகிறது. இவன்தான் செய்தான் என்று வாய்வரைக்கும் வந்த சொல்லை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை பார்க்கிறேன்.