காப்பக வாசலில் சொன்ன பொய்

லண்டனுக்கு வெளியே, மீட்கப்பட்ட சிம்பன்சிகளைப் பராமரிக்கும் காப்பகத்தில் என் மகள் வேலை செய்கிறாள். தாயில்லாத குட்டியொன்றைக் காட்ட, ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் வீட்டிலிருந்து என்னைக் கூட்டிப்போனாள்.

வாசலில் முகக்கவசம் தந்து, "அம்மா, தடிமன் ஏதும் இருக்கோ? எங்கட தடிமன் அதுகளைக் கொன்றுபோடும்" என்றாள்.

இருந்தது. காலையில் கொத்தமல்லி அவித்துக் குடித்ததோடு சளி போய்விட்டதென்று என்னையே நம்பவைத்தேன். திரும்பிப்போக மனமில்லை.

"இல்லைப் பிள்ளை."

குட்டி கம்பிவலைக்குள்ளால் கைநீட்டி, விளையாட்டாக என் முகக்கவசத்தைக் கீழே இழுத்தது. அந்த நேரம் பார்த்து இருமிவிட்டேன்.

நான்காம் நாள் மகள் அழைத்தாள். "குட்டிக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு. அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ."

"ஓம், இருந்தது."

அவள் திட்டவில்லை. மருத்துவரிடம் சொல்ல ஓடினாள். குட்டி இன்னும் ஒக்சிசனில்தான் கிடக்கிறது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பகல்தான் வீணாகியிருக்கும்.