சாஃப்ட்வேர் கடையை விட்டு இறங்கி நடந்தேன்

தாராவியில் எனக்கு ஒரு பை தைக்கும் பட்டறை இருக்கிறது. ஆபீஸ் பை, லேப்டாப் பை எல்லாம் தைக்கிறோம். தையல் எங்களுடையது, லேபிள் மட்டும் எப்போதும் அடுத்தவனுடையது. இத்தனை வருஷத்தில் என் பட்டறைப் பெயரோடு உலாவிய ஒரே பை, என் மனைவி காய்கறி வாங்க எடுத்துப்போவதுதான். அதுவும் வெட்டும்போது கோணலாகிப்போன சாம்பிள்.

அதனால்தான் வாஷியிலிருந்து ஒரு ஆபீஸ் மேடம் போன் செய்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பை வேண்டும், உங்கள் லேபிளே இருக்கட்டும் என்றதும் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே நிபந்தனை: மேலிடத்தில் காட்ட, திங்கட்கிழமை காலைக்குள் வெப்சைட் லிங்க் வேண்டும். "ஹோ ஜாயேகா மேடம்", ஆகிவிடும் என்றேன். பம்பாயில் இதைச் சொல்வதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போனை வைத்த பிறகுதான் வெப்சைட்டுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்தேன்.

சயானில் காலேஜ் படிக்கும் என் மகள், லேப்டாப்பில் வெப்சைட் செய்ய மூன்று சாஃப்ட்வேர் காட்டினாள். முதலாவது முழுக்க ஓசி. ஆனால் சாமான்களை நாமே பொறுக்கி, இடம் பிடித்து, வீடு கட்டிக்கொள்ள வேண்டும். ஒழுகினால் அடைப்பதும் நாமே. இரண்டாவதில் எல்லாம் தயாராக இருந்தது, ஆனால் எந்த டிசைனைத் திறந்தாலும் கேக் கடை மாதிரியே தெரிந்தது. மூன்றாவதில் படத்தை இழுத்துப் போட்டால் போட்ட இடத்தில் உட்கார்ந்தது. எனக்கே வந்துவிட்டது. பையை இழுத்துப் போட்டேன், பட்டறையை இழுத்துப் போட்டேன், தைரியம் வந்து என் முகத்தையும் போட்டேன். மகள் முகத்தை மட்டும் எடுத்துவிட்டாள்.

சிக்கல் ஒன்றுதான். காசு கட்டும்வரை பக்கத்தின் தலையில் சாஃப்ட்வேர்காரன் தன் பெயரைப் பட்டையாக ஒட்டிவைத்திருந்தான். இங்கேயும் அடுத்தவன் லேபிளா? கட்டிவிடலாம் என்று பார்த்தால், சொன்ன விலையை அப்படியே கொடுப்பது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். ஓரத்தில் பேசுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று அடித்தேன். விலைப்பட்டியல் வந்தது. "பாய், சஹி போலோ", சரியான விலையைச் சொல்லப்பா என்றேன். அதே பட்டியல் மறுபடி வந்தது.

"அரே அப்பா, அங்க ஆளே இல்ல. மெஷின்தான் பதில் சொல்லுது" என்றாள் மகள்.

"மெஷினுக்கும் முதலாளி இருப்பான்லா" என்றேன்.

பிறகு, எந்தக் கடையிலும் எனக்குத் தோற்காத வித்தையைக் கையில் எடுத்தேன். வேண்டாம் என்று அடித்துவிட்டு, கடையை விட்டு இறங்குகிறவன் மாதிரி லேப்டாப்பை மூடினேன். மெதுவாகத்தான் மூடினேன், கூப்பிட நினைத்தால் கூப்பிடட்டும் என்று. கூப்பிடவில்லை. சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கிற சாக்கில் லேப்டாப்பைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"வாங்க அண்ணாச்சின்னு அது ஓடி வந்து கையப் பிடிக்கும்னு உக்காந்திருக்கீயளோ?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேறு வழியில்லாமல் பட்டையோடேயே லிங்கை அனுப்பினேன். மேடம் கூப்பிட்டார். பை பிடித்திருக்கிறதாம், மேலே இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டார். பொய் யோசிக்கக்கூட நேரமில்லை. சாஃப்ட்வேர்காரனோடு விலை பேசிக்கொண்டிருக்கிறேன், அது முடியும்வரை அப்படித்தான் இருக்கும் என்றேன். சிரித்தார். சிரித்த கையோடு, உங்கள் பைக்குக் கடைசி விலை என்ன என்றார். சொன்னேன். பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

அந்தப் 'பார்க்கிறேன்' எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவர் என் கடையை விட்டு இறங்கி நடக்கிறார். பின்னாலேயே ஓட எனக்குக் கால் துறுதுறுத்தது.

"சும்மா கெடங்க" என்றாள் மனைவி. "அந்தக் கம்ப்யூட்டர் உங்களுக்காக ஒரு வார்த்த பேசிச்சா? அது மாதிரி இருங்க."

மத்தியானம்வரை நான் சாஃப்ட்வேராக இருந்தேன். யார் என்ன கேட்டாலும் அதே பதிலைத் திரும்பச் சொன்னேன். உள்ளே மட்டும், போன லேபிள் போனதுதான் என்று தையல் மெஷின் மாதிரி ஏதோ தடதடத்துக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது மெயில் வந்தது. சாஃப்ட்வேர்காரனிடமிருந்து. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா, உங்களுக்காக விலையைக் குறைத்திருக்கிறோம் என்றது.

மெஷினாலேயே தாங்க முடியவில்லை, நான் எம்மாத்திரம்? கையைக் கழுவிவிட்டு வாஷிக்குப் போன் செய்து கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். மேடம் அதற்காகவே காத்திருந்தவர் போல உடனே சரி என்றார். லேபிளைப் பைக்குள்ளே வைப்பீர்களா, வெளியிலா என்று மட்டும் கேட்டார்.

"வெளிய மேடம், வெளிய" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

சாயந்தரம் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டினோம். மகள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். தலையிலிருந்த பட்டை போய்விட்டிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "மொதல்லயே நீங்களும் அந்தச் சாஃப்ட்வேர்காரனும் சரியான வெலையச் சொல்லித் தொலைச்சிருந்தா, ஞாயித்துக்கெழமையாவது நிம்மதியா இருந்திருக்கும்லா" என்றாள்.

அதற்குள் நான், பக்கத்தின் தலையில் என் பட்டறைப் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.