பன்னிரண்டு நொடி சந்தேகம்

போன வாரம் கரன்ட் பில் கட்டலாம் என்று போனை எடுத்தேன். 'நான் ரோபோ அல்ல' என்று ஒரு கட்டம் வந்தது. டிக் அடித்தேன். நம்பவில்லை! ஒன்பது படங்களைக் காட்டி, ரோட்டைக் கடக்கும் வெள்ளைக் கோடு எதிலெல்லாம் இருக்கிறது என்று கேட்டது. ஒத்தக்கடையில் குடியிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? கோட்டைப் பார்த்தா நாம் ரோட்டைக் கடக்கிறோம்? கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே புகுந்துவிடுகிறவர்கள் இல்லையா! இரண்டு தடவை ஃபெயில் ஆனேன்.

பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அருளப்பன் சார் சிரிக்கவில்லை.

"விடுங்க தம்பி. நான் மனுஷன்தான்னு நிரூபிக்க எனக்கு ஒம்பது நாள் ஆச்சு" என்றார்.

அருளப்பன் சார் எங்கள் தெருக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவனைப் பிடிப்பதில் பேர் வாங்கியவர். அவர் உள்ளே நுழைந்தால் பையன்கள் பிட்டை மென்று முழுங்கிவிடுவார்களாம்.

ரிட்டயர் ஆனதும் மனிதருக்குப் பொழுது போகவில்லை. போனில் போக்கர் ஆட ஆரம்பித்தார். கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து சீட்டு. பந்தயத்தை ஏற்றலாமா, ஒதுங்கிக்கொள்ளலாமா என்று மனதுக்குள் கணக்குப் போடுகிற ஆட்டம். காசு வைத்து ஆடுவதற்குத் தடை வருவதற்கு முந்தைய கதை இது. கணக்கு வாத்தியார் இல்லையா... மெல்ல மெல்ல மேலே போய், ஒரே ஆட்டத்தில் ஒரு மாதப் பென்ஷனே போய்விடக்கூடிய பெரிய மேசைக்கு வந்துவிட்டார். தினமும் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஆட்டம். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னது — "செஸ்."

அந்தப் பெரிய மேசையில் மூன்று பேர் மேல் அவருக்குச் சந்தேகம். பேச மாட்டார்கள். தோற்றாலும் கோபப்பட மாட்டார்கள். ஒரு தப்பு கிடையாது. மனிதனுக்குப் பதிலாக கம்ப்யூட்டர் புரோகிராமை உட்கார்த்தி ஆடவிடுகிறார்கள், 'பாட்' என்று அதற்குப் பெயர், என்று எங்கேயோ படித்திருக்கிறார். விடுவாரா? பழைய ஹால் சூப்பர்வைசர் முழித்துக்கொண்டார். ஒரு மாதம் நோட்டுப் போட்டுக் குறித்து, கம்பெனிக்கு நாலு பக்கம் புகார் எழுதினார்.

பதில் வந்தது. புகாருக்கு நன்றி. மேசையில் இருந்த எல்லோரையும் சோதித்தோம். பாட் என்று சந்தேகப்படுகிற ஒரே கணக்கு உங்களுடையது. அதை முடக்கியிருக்கிறோம்.

"மாதாவே! அத நாலு தடவ படிச்சேன் தம்பி. உள்ள கெடந்த காசு போனாப் போகுது. முப்பது வருசமா பிட் பிடிச்ச என்னையப் பாத்து, நீ பிட் அடிக்கிறேன்னு சொல்லிப்புட்டாய்ங்களே!"

காரணமும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு நொடி. நல்ல சீட்டோ, உருப்படாத சீட்டோ... அதே பன்னிரண்டு. அது போக, தினமும் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்குச் சரியாக இரண்டு நிமிடம் ஆட்டம் நின்றுவிடுகிறது. எந்த மனுஷன் இப்படி ஆடுவான்?

ஒன்பது நாள் மெயில் மேல் மெயில் போட்டார். கடைசியில் வீடியோ காலில் விசாரணைக்கு ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காலை பதினொன்றே முக்கால். தமிழ் பேசும் ஒரு பெண் வந்தார். சாருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தப்பு அங்கேதான் நடந்தது.

"சார், அதென்ன எப்பவும் பன்னிரண்டு செகண்ட்?"

"அவசரப்பட்டு பந்தயத்த ஏத்திரக் கூடாதுல்லம்மா... அதான், ஒவ்வொரு சீட்டுக்கும் மனசுக்குள்ள மாதா செபம் ஒண்ணு சொல்லிட்டுத்தான் தொடுவேன்."

அடுக்களைக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு ஸ்டெல்லா டீச்சர்.

"எது? மாதா செபத்தச் சொல்லிச் சீட்டாடுறீகளா? செஸ்ஸுன்னு சொன்னீக! இந்த வயசுல ஒங்களுக்குப் பந்தயம் கேக்குதோ? எம்புட்டு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

போனில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டார். டீச்சர் நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதில் சார் மறைத்த சிகரெட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வந்துகொண்டிருந்தார். "அன்னைக்கே எங்க அண்ணன் சொன்னாரு, இந்த ஆளு..." என்று வரும்போது, மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். சார் எழுந்து நின்றார். இரண்டு பேரும் சிலுவை போட்டு, கண்ணை மூடி, உச்சிவேளைச் செபத்தை ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள். இரண்டு நிமிடம். ஆமென்.

"...ஒழுங்கா இருக்க மாட்டாருன்னு!" என்று டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"சார்," என்றது போன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "போதும் சார். மெஷினை யாரும் இப்படித் திட்ட மாட்டாங்க."

அன்று சாயங்காலமே கணக்கைத் திறந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு மெயிலும் வந்தது. சார் அதைப் பிரின்ட் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறார். உள்ளே இருந்த காசை எடுத்துக்கொண்டு கணக்கை மூடியும்விட்டார். டீச்சர் மூன்று நாள் பேசவில்லையாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போதெல்லாம் அந்த 'பாட்' புரோகிராமுக்கு வேண்டுமென்றே தாமதிக்கவும், நடுநடுவே தப்புச் செய்யவும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். மெஷின் நம்மைப் பார்த்துத் தடுமாறப் பழகுகிறது. தடுமாறாமல் ஒழுங்காக இருந்த மனிதர் மாட்டிக்கொண்டார். என்ன காலம் இது!

"அது சரி சார்... நீங்க புகார் எழுதுன அந்த மூணு பேரு? அவங்க 'பாட்'டா, மனுஷங்களா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரியல தம்பி. என்னையும் அப்படித்தான நெனச்சாய்ங்க? புகாரை வாபஸ் வாங்கிட்டேன். தெனமும் பன்னெண்டு மணிக்கு அவுக மூணு பேருக்கும் சேத்து ஒரு மாதா செபம் சொல்லிர்றேன்."

"'பாட்'டா இருந்தா?"

"பன்னெண்டு செகண்டுதான தம்பி... போனாப் போகுது!"