ஏழு பாட்டன் கேள்வி

அல்மாத்தியில் வம்சாவளித் தரவுதளம் அமைக்கும் குல்ஷாராவுக்கு, 'அப்பன் யார்' என்று மட்டுமே கேட்கத் தெரிந்த கணினிக் கேள்விமொழி போதவில்லை. கசாக்கியர் வழக்கப்படி, இருவரில் ஒருவருக்காவது ஏழாம் பாட்டன் வரைக்குள் யாராவது பொதுவாக இருந்துவிட்டால் கல்யாணம் கிடையாதே! அதனால் ஏழு தலைமுறையும் அதற்கு மேலும் ஒரே மூச்சில் ஏறிப்பார்க்கும் புதுக் கட்டளை ஒன்றை மொழியில் சேர்த்தாள். முதல் சோதனையாக, அடுத்த வாரம் மணக்கவிருந்த தன் மகள் ஆய்சுலுவையும் மாப்பிள்ளையையும் கொடுத்துப் பார்த்தாள்.

ஒரே பாட்டன்தான். மாப்பிள்ளைக்கு எட்டாவது, ஆய்சுலுவுக்கு ஏழாவது.

"போச்சு! விருந்துக்கு அறுக்கக் குதிரைகூட வாங்கியாச்சே!"

பக்கத்து மேசை தெமிர்கான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, ஆய்சுலுவுக்கு அப்பான்னு உங்க மாமனார் பேருல்ல இருக்கு!"

தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டியே தம் பிள்ளையாக வளர்ப்பது வழக்கம். ஆய்சுலுவை வளர்த்த மாமனாரும் தரவுதளத்துக்கு அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார்; ஒரு தலைமுறை காணாமல் போயிருந்தது.

"நான் பெத்ததுக்கு அவரு அப்பனாமா?" என்று திட்டினாலும், போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மொழியில் 'வளர்த்தவர்', 'பெற்றவர்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்தாள். பெற்றவராகக் கணவன் பெயரைப் போட்டதும் ஆய்சுலுவுக்கும் கணக்கு எட்டானது. பிறகு, இருபத்திரண்டு வருஷமாகத் தாத்தாவை அப்பா என்றும் தன்னை அண்ணி என்றுமே கூப்பிடும் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, பெற்றவள் என்று தன் பெயரையும் மெதுவாக அடித்தாள்.